தோலெகென் அகாய் அனுப்பிய வீடியோ

சாரான் ஊர்ப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவர் தோலெகென். இளவயதில் மல்யுத்த வீரர். இடது காது நசுங்கி மடிந்து போயிருக்கும். இரண்டு முழங்காலும் எப்போதோ போய்விட்டன. ரோபோ என்றால் என்னவென்று அவருக்கு ஒருநாளும் சரியாகப் புரிந்ததில்லை. ஆனாலும் கரகந்தியைச் சுற்றியுள்ள சுரங்க ஊர்களில் ரோபோப் போட்டிக்குப் போன பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அவர் செய்த நல்லதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் செய்த ஒரு தப்பை விட்டுவிட்டு அதைச் சொல்ல வரவில்லை. என் தப்பை விட்டுவிட்டு அவர் தப்பை மட்டும் சொல்வதும் நியாயமில்லை.

நான் கம்ஷாத். பக்கத்துச் சுரங்க ஊரான ஷாக்தின்ஸ்க்கில் கணினி ஆசிரியை, பள்ளியின் ரோபோ அணியும் என் பொறுப்பு. பிள்ளைகள் என்னை அப்பாய் என்பார்கள், ஆண் வாத்தியார்களை அகாய் என்பார்கள். நாங்கள் பெரியவர்கள் தோலெகெனைத் தோலெகே என்றுதான் கூப்பிடுவோம். வயதுக்கும் மரியாதை, வாஞ்சைக்கும் வாஞ்சை.

ரோபோ அவர் வாழ்க்கையில் ஒரு எரிச்சலாகத்தான் நுழைந்தது. கல்வித்துறை அவர் பள்ளிக்கு ஒரு பெட்டி நிறைய ரோபோச் சாமான்களை அனுப்பியது. போட்டிக்கான ஆடுகளம் மூன்றரை மீட்டருக்கு மேல் சதுரம். எந்த வகுப்பறையிலும் அடங்கவில்லை. தலைமையாசிரியை நேராக உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்து, மூன்றில் ஒரு பங்கைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்.

"பொம்மை வண்டி ஓட்டறதுக்கு என் பாயைச் சுருட்டணுமாம்" என்று ஒரு மாதம் அவர் பார்த்தவர்களிடம் எல்லாம் புலம்பினாராம்.

ஒரு சனிக்கிழமை. மல்யுத்தப் பையன்கள் வராத நாள். கூடத்தின் மூலையில் நான்கு பிள்ளைகள் தங்கள் ரோபோவை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அது பிளாஸ்டிக் வளையங்களைப் பொறுக்கிக் கம்பத்தில் மாட்டும், திரும்பி வரும், மறுபடி மாட்டும். இவர் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தபடி அரை மணி நேரம் பார்த்தார்.

"எதிராளி எங்கடா?"

"எதிராளி இல்ல அகாய். எங்ககிட்ட ஒரு ரோபோதான் இருக்கு."

"போட்டியில?"

"போட்டியில நாலு ரோபோ ஒரே நேரத்துல ஓடும். ரெண்டு நம்ம பக்கம், ரெண்டு எதிர்ப்பக்கம்."

"அப்போ நீங்க போட்டிக்குப் போற அன்னிக்குத்தான் முதல் தடவையா எதிராளியப் பாப்பீங்களா?"

"ஆமா."

"சுவரோட மல்லுக்கட்டிட்டு மேடை ஏறப் போறீங்க" என்றார் அவர். "நல்லா உதை வாங்கிட்டு வாங்க."

அன்று வீட்டுக்குப் போனவருக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். அவர் மனைவி சொன்னது இது. மறுநாள் போனை எடுத்தார். கணினி ஆசிரியர்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. ஆனால் வட்டாரத்தில் எந்தப் பள்ளியின் பி.டி. வாத்தியாரையும் தெரியும். பாதிப் பேர் அவரிடம் தோற்றவர்கள், மீதிப் பேர் அவரைத் தோற்கடித்தவர்கள். எங்கள் பள்ளி பி.டி. வாத்தியார் ஆசிரியர் அறைக்குள் வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கம்ஷாத், உன் மெஷினுக்கு மல்யுத்த அழைப்பு வந்திருக்கு. சாரான்ல. எடை பார்ப்பாங்களாம், சாப்பிடாம கூட்டிட்டு வா."

அப்படித்தான் எங்கள் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கின. நவம்பரில் முதல் ஆட்டம். ஏழு அணிகள் வந்தன. ஆடுகளத்துக்கு வேண்டிய ரப்பர் விரிப்பு யாரிடமும் முழுதாக இல்லை. ஆளுக்கு ஐந்து துண்டு கொண்டுவரச் சொல்லியிருந்தார். கொண்டுவந்து அடுக்கினால் சாம்பல், நீலம், கறுப்பு என்று ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி ஒரு களம். சுற்றுச்சுவருக்குப் பதில் நீளப் பெஞ்சுகளைக் கவிழ்த்துப் போட்டார். வாசலில் மல்யுத்தக்காரர்களின் எடைமேடை இருந்தது. ஒவ்வொரு ரோபோவும் அதில் ஏறித்தான் உள்ளே வரவேண்டும்.

"பன்னிரண்டு கிலோ நானூறு" என்று என் பிள்ளைகளின் ரோபோவைப் பார்த்துக் கத்தினார். "கொஞ்சம் ஓடவிட்டு இளைக்க வையுங்க."

ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் பிள்ளைகள் கைகுலுக்க வேண்டும். தோற்றவர்கள் ஜெயித்தவர்களிடம் போய், "எப்படி ஜெயிச்சீங்க?" என்று கேட்க வேண்டும். ஜெயித்தவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதுதான் அவருடைய விதி. "பாயில காட்டின பிடி எல்லாருக்கும் சொந்தம்" என்பார். "நான் கத்துக்கிட்ட ஒவ்வொரு பிடியும் என்னை எவனோ தூக்கிப் போட்டுக் குடுத்ததுதான்."

அடுத்த மாதம் எட்டு, அதற்கடுத்த மாதம் பதினொரு அணிகள். கர்கராலியில் இருந்து இருநூறு கிலோமீட்டர் பனியில் வந்த பிள்ளைகள் அவருடைய மல்யுத்த மெத்தைகளில் படுத்துத் தூங்கி, மறுநாள் ஆடிவிட்டுப் போனார்கள். அம்மாக்கள் பௌர்சாக் என்கிற மாவுருண்டைகளைப் பொரித்துச் சட்டியோடு கொண்டுவந்தார்கள். சூடாக இருக்கும்போதே தீர்ந்துவிடும். மோட்டாரில் எண்ணெய்க்கை படக்கூடாது என்று பிள்ளைகள் மிட்டாய்க் காகிதத்தில் பிடித்துத் தின்பார்கள்.

பொதுச் சாமான் அறையும் அவர் யோசனைதான். பனிச்சறுக்குக் கட்டைகள் வைக்கும் அறையில் கட்டைகளை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, நான்கு தட்டு அடித்தார். யாரிடம் எது மிச்சமோ அங்கே வை, யாருக்கு எது இல்லையோ எடுத்துக்கொள். மோட்டார், சக்கரம், பேட்டரி, வயர், பல்சக்கரம் எல்லாம் வந்து சேர்ந்தன. எடுப்பவர் கதவில் சுண்ணக்கட்டியால் எழுத வேண்டும். திருப்பி வைத்தால் அழிக்க வேண்டும். ஒருமுறை என் அணி இரண்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் மூன்று வாரம் மறந்துவிட்டது.

"ஆளுக்கு முப்பது தண்டால்" என்றார்.

பிள்ளைகள் எடுத்தார்கள். நான் சிரித்தேன்.

"சிரிக்கிற அப்பாய்க்குப் பத்து."

பதினொரு அணிகள் பார்க்க, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நான் தண்டால் எடுக்கத் தொடங்கினேன். ஆறாவதில் கை மடங்கிவிட்டது. "அப்பாயோட பேட்டரி போச்சு" என்று எவனோ கத்தினான். என் பன்னிரண்டு வருட வேலையில் பிள்ளைகள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்படி இரண்டு பருவம் நன்றாகப் போயிற்று. மூன்றாவது பருவத்தில் அவர் பள்ளியின் ரோபோ ஆசிரியை பேறுகால விடுப்பில் போனதால், காகிதத்தில் தோலெகெனே பயிற்சியாளர் ஆனார். அந்த அணியில் பெரிசாத் என்று பத்தாம் வகுப்புப் பெண் இருந்தாள். ஒல்லி. அதிகம் பேசமாட்டாள். பேசினால் வாயைக் கையால் பாதி மூடிக்கொண்டு பேசுவாள், பல்லில் கம்பி போட்டிருந்ததால். அவள் அப்பா வீடு கட்டும் வேலைக்காரர்.

அந்த வருடப் போட்டியில், கடைசி முப்பது நொடியில் ரோபோ ஒரு உயரமான குறுக்குக் கம்பியைப் பற்றித் தன்னைத்தானே தூக்கித் தொங்கினால் ஏகப்பட்ட புள்ளி. எங்கள் ஊர்களில் ஒருவராலும் அது முடியவில்லை. அடுக்கடுக்காக நீளும் கை செய்தால் எடை கூடியது. கயிறு கட்டினால் மேலே அனுப்ப வழியில்லை.

பெரிசாத் அப்பாவின் வேலைப் பையில் இருந்து இரண்டு இரும்பு டேப்பை எடுத்தாள். கொத்தனார்கள் அளப்பதற்கு வைத்திருப்பது. ஒரு டேப்பை மேலே நீட்டினால் ஒரு அளவுக்கு மேல் மடிந்து விழும். இரண்டின் குழிவான பக்கங்களை எதிரெதிரே வைத்துச் சேர்த்தால் குழாய் மாதிரி விறைப்பாக நிற்கும். நுனியில் கொக்கி. அடியில் மோட்டார் வைத்துச் சுருட்டினால் ரோபோ சரசரவென்று மேலே ஏறும். கையளவு எடை. கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். தோன்ற அவளுக்கு நான்கு மாதம் பிடித்தது.

அதை அவள் யாரும் இல்லாதபோது, பள்ளி மணி அடிக்கும் முன்பு, கூடத்தில் பழகினாள். மற்ற நேரம் ரோபோ மேல் ஒரு படுக்கை விரிப்பு கிடக்கும். ஜனவரியில் ஒரு காலை தோலெகென் வழக்கத்தைவிட முன்னதாகக் கூடத்துக்கு வந்தார். உள்ளே, குறுக்குக் கம்பியில் ரோபோ தொங்கி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கீழே அந்தப் பெண் தனியாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்!" என்று கத்திவிட்டாராம். "தூக்கிட்டியா!"

அவள் திடுக்கிட்டு விரிப்பை எடுத்தாள்.

"இன்னும் முடியல அகாய்."

"முடியலையா? இதுக்கு மேல என்ன முடியணும்? இறக்கு, இறக்கு. இன்னொரு தடவை ஏத்து, பாப்போம்."

அவள் ஏற்றினாள். அவர் போனை எடுத்து வீடியோ பிடித்தார். டேப்பைக் கிட்டப் போய்ப் பிடித்தார், மோட்டாரைப் பிடித்தார், அவள் விரலால் இரண்டு டேப்பையும் சேர்த்துக் காட்டியதைப் பிடித்தார். அவள் மறுக்கவில்லை. பள்ளி வாத்தியார் படம் பிடிக்கிறார், நினைவுக்காக இருக்கும் என்று நினைத்தாளாம். அவர் அப்போதே, அங்கேயே நின்றபடி, பதினொரு அணிப் பயிற்சியாளர்களும் இருக்கும் வாட்ஸப் குழுவில் அதைப் போட்டார். கீழே எழுதியிருந்தது எனக்கு இன்றும் மனப்பாடம். "என் பொண்ணு செஞ்சதைப் பாருங்க! எல்லாரும் பழகுங்க. கரகந்தியிலேர்ந்து வந்தவங்க எல்லாரும் தொங்கறாங்கன்னு அஸ்தானாவே பேசணும்."

நான் இரண்டாம் பாடவேளைக்கு நடுவில் அதைப் பார்த்தேன், என் அணிப் பிள்ளைகளுக்கும் காட்டினேன். பத்து நிமிடத்தில் என் அணித் தலைவன் பெக்சுல்தான் பக்கத்துக் கடைக்கு ஓடி இரண்டு டேப் வாங்கி வந்துவிட்டான். அந்தப் பெண்ணிடம் கேட்டார்களா என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. குழுவில் கைதட்டல் படங்களாக விழுந்தன. நானும் மூன்று போட்டேன்.

பெரிசாத் அந்தக் குழுவில் இல்லை. அது பெரியவர்களின் குழு.

அடுத்த சனிக்கிழமைப் பயிற்சி ஆட்டத்தில், கடைசி முப்பது நொடியில், நான்கு ரோபோக்கள் டேப்பை நீட்டிக்கொண்டு மேலே ஏறின. கூடமே அலறியது. தோலெகென் விசிலைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார். நான் பெரிசாத்தைப் பார்த்தேன். அவள் ரோபோ மேல் விரிப்பு இன்னும் கிடந்தது. அவள் அதை எடுத்து, ஓரம் சேர்த்து, சின்னதாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு தன் முறை வந்ததும் ஆடினாள். தேநீர் நேரத்தில் அவள் தட்டு அப்படியே இருந்தது.

"என்னம்மா, வயிறு சரியில்லையா?" என்று தோலெகென் கேட்டார்.

"ஒண்ணுமில்ல அகாய்."

அவர் நம்பினார். ஒன்றுமில்லை என்று ஒரு பையன் சொன்னால் முழங்காலையும் தோளையும் அமுக்கிப் பார்க்கிற மனிதர் அவர். அந்தப் பெண்ணிடம் அவருக்கு அமுக்கிப் பார்க்க ஓரிடம் தெரியவில்லை.

வட்டாரப் போட்டி பிப்ரவரியில் கரகந்தியில் நடந்தது. இருபத்துநான்கு அணிகள். முதல் மூன்று இடங்களுக்குத் தலைநகர் அஸ்தானாவில் நடக்கும் நாட்டுப் போட்டிக்குப் போகும் தகுதி. அதோடு புதுமைப் பரிசு ஒன்று உண்டு. அதை வாங்கும் அணியும் அஸ்தானா போகலாம்.

புதுமைப் பரிசுக்கான நடுவர்கள் அணி அணியாக வந்து பிள்ளைகளிடம் பேசுவார்கள். அப்போது பயிற்சியாளர்கள் தரையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டைக்குப் பின்னால் நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. எங்கள் மேசையும் சாரான் மேசையும் அடுத்தடுத்து. வேறு சில மேசைகளைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்கள். இரண்டு நடுவர்கள், இளைஞர்கள், பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் போலிருந்தது.

பெக்சுல்தான் நன்றாகப் பேசுவான். எங்கள் குறிப்பேட்டில் டேப்பைப் பற்றி மட்டும் பதினான்கு பக்கம் இருந்தது. எந்த அகல டேப் எந்த உயரத்தில் மடிகிறது, எவ்வளவு எடை தாங்குகிறது, எந்த மோட்டார் எவ்வளவு நேரத்தில் சுருட்டுகிறது, எல்லாவற்றுக்கும் வரைபடம். மூன்று வாரம் பிள்ளைகள் உழைத்தது. பொய்யில்லை.

"இந்த யோசனை எங்கேருந்து வந்தது?" என்று ஒரு நடுவர் கேட்டார்.

பெக்சுல்தான் திரும்பி என்னைப் பார்த்தான். நான் பட்டைக்குப் பின்னால் நின்றேன். பேசக் கூடாது, ஆனால் தலையசைக்கலாம், கண்ணால் பக்கத்து மேசையைக் காட்டலாம். முந்தின நாளே, "அவ பேரைச் சொல்லுங்கடா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. சொன்னால் பரிசு போய்விடும் என்றும் கூடவே தோன்றியது.

"பயிற்சி ஆட்டத்துல பார்த்தோம். அப்புறம் நாங்க சோதிச்சு மேம்படுத்தினோம்" என்றான் பெக்சுல்தான். நடுவர்கள் தலையசைத்து எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து சாரான் மேசை. அதற்குள் அவர்கள் டேப் வைத்த ரோபோக்களை ஆறோ ஏழோ பார்த்திருந்தார்கள்.

"ஓ, இங்கயும் டேப்பா?" என்று ஒருவர் சிரித்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "நீங்களும் பயிற்சி ஆட்டத்துல பார்த்துதான் செஞ்சீங்களா?"

பெரிசாத் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கையை எடுக்காமலே ஏதோ சொல்ல வந்தாள். காது முழுக்கச் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சின்னப் பெண், "இல்ல, இது..." என்று தொடங்கினாள். பெரிசாத் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"ஆமா" என்றாள்.

நான்கடி தள்ளி, மஞ்சள் பட்டைக்குப் பின்னால் தோலெகென் நின்றிருந்தார். கேட்டது. ஒரு கால் பட்டையைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது. இத்தனை வருடமும் பையன்களுக்கு, நடுவரிடம் வாயாடாதே, அவர் சொன்னதுதான் முடிவு என்று சொல்லிக்கொடுத்த மனிதர். அந்தப் பழக்கம் அவரை அங்கேயே நிறுத்திவிட்டது. நான் அவர் பக்கம் பார்க்காமல் என் பையில் எதையோ தேடினேன்.

மாலையில் புதுமைப் பரிசு ஷாக்தின்ஸ்க்குக்கு அறிவிக்கப்பட்டது. சாரான் அணிக்கு ஐந்தாமிடம். என் பிள்ளைகள் மேடைக்கு ஓடினார்கள். பெரிசாத் கைதட்டினாள். எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினாள்.

திரும்பும் பேருந்தில், கூட இருந்த அந்தச் சின்னப் பெண் அழுதுகொண்டே கத்தினாளாம். "அகாய், அது இவளோட டேப்! நீங்க ஏன் ஒரு வார்த்தை பேசல? நீங்கதானே எல்லாருக்கும் அனுப்பினீங்க!" பெரிசாத் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவது போல இருந்தாளாம். தோலெகென் டிரைவர் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். சாரான் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த வார ஞாயிறு காலை என்னைப் போனில் கூப்பிட்டார்.

"கம்ஷாத், அந்தப் பரிசுப் பலகையை எங்க மாட்டியிருக்க?"

"இன்னும் மாட்டல தோலெகே. மேசை மேல இருக்கு."

"அது யாரோடதுன்னு உனக்குத் தெரியும்."

"என் பசங்களும் பதினாலு பக்கம் உழைச்சிருக்காங்க."

"உழைச்சாங்க. இல்லன்னு நான் சொன்னேனா? பலகையத் திருப்பிக் குடுன்னும் சொல்லல. நடுவருக்கு நான் கடுதாசி எழுதிட்டேன், முடிவு முடிவுதான்னு பதில் வந்தாச்சு. அஸ்தானாவுக்குப் போறீங்கல்ல, அங்க கேட்டா பேரைச் சொல்லச் சொல்லு. பெரிசாத்துன்னு. அவ்வளவுதான். மூணு எழுத்தோ நாலு எழுத்தோ, நாக்கு தேஞ்சா போயிடும்?"

"பாக்கறேன் தோலெகே."

"பாக்கறேன்னா?"

"பசங்க ஏற்கெனவே பதற்றத்துல இருக்காங்க. பாக்கறேன்."

"உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்ல" என்றார். "அனுப்பினவன் நான்." போனை வைத்துவிட்டார்.

அஸ்தானாவில் நடுவர்கள் கேட்டார்கள். நாங்கள் பழைய பதிலையே சொன்னோம். அங்கே எங்களுக்குப் பதினாறாமிடம். பரிசு எதுவும் இல்லை. அதற்காகத்தான் அவ்வளவும்.

மார்ச்சில் தோலெகென் பெரிசாத் வீட்டுக்குப் போனார். தப்பு செய்தவர், பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர் தோளில் சப்பான் என்கிற நீள அங்கியைப் போர்த்தி மன்னிப்புக் கேட்பது எங்கள் பழைய வழக்கம். குதிரையும் தரவேண்டும், அதை இந்தக் காலத்தில் யார் தருகிறார்கள். அவர் நீல வெல்வெட் சப்பான் ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு, அவர்கள் குடியிருக்கும் நான்காம் மாடி வரை அந்த முழங்காலோடு ஏறியிருக்கிறார். அங்கே நடந்ததை அவரே எனக்குப் பிறகு சொன்னார்.

பெரிசாத்தின் அப்பா பதறிப்போனாராம். "என்ன தோலெகே இது! குழந்தைங்க விளையாட்டு! நீங்க போய் என் வாசல்ல சப்பானோட..."

"விளையாட்டு இல்ல. நான் பாத்துட்டேன், விளையாட்டு இல்ல. வாங்கிக்க."

அப்பா சப்பானைப் போட்டுக்கொண்டார். தேநீர் ஊற்றினார்கள், இறைச்சி போட்டார்கள். சப்பானோடு அப்பா சாப்பிட்டதில் எல்லாரும் கொஞ்சம் சிரித்தார்களாம். பெரிசாத் கிண்ணங்களை நிரப்பிக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது வாசலில் அவர் காலணி மாட்டிக்கொள்ள அவள் காலணிக் கரண்டியை எடுத்துக் கொடுத்தாள். அப்போதுதான் அவளிடம் தனியாகப் பேச முடிந்தது.

"என் மேல கோவமா?"

"இல்ல அகாய்."

"பொய் சொல்லாத."

"நீங்க கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்" என்றாள். "அந்தச் சனிக்கிழமை எல்லாருக்கும் நானே காட்டணும்னுதான் வச்சிருந்தேன். விரிப்பை எடுத்து. எப்படி எடுக்கணும்னுகூடப் பழகி வச்சிருந்தேன்."

இதைச் சொல்லும்போது தோலெகென் என்னைப் பார்க்காமல், கூடத்தின் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒளிச்சு வைக்கறான்னு நினைச்சேன் கம்ஷாத். அந்தக் கெட்ட பழக்கம் வரக்கூடாதுன்னுகூட மனசுல ஒரு ஓரத்துல நினைச்சேன். அது குடுக்கறதுக்குத்தான் வச்சிருந்திருக்கு."

பெரிசாத் பதினோராம் வகுப்பில் அணியில் சேரவில்லை. படிப்பு இருக்கிறது என்றாள். யாரும் வற்புறுத்தவில்லை.

அடுத்த நவம்பரில் முதல் பயிற்சி ஆட்டம் தொடங்கும் முன், தோலெகென் களத்தின் நடுவில் போய் நின்றார். போன வருடம் டேப் யாருடைய யோசனை, அது எப்படி எல்லாருக்கும் வந்தது, அவர் எங்கே வாயை மூடிக்கொண்டு நின்றார், எல்லாவற்றையும் பிள்ளைகள் முன்னால் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. பெக்சுல்தானின் அணி அதற்குள் பள்ளி முடித்துப் போயிருந்தது. "இனிமே செஞ்சவன் சம்மதம் இல்லாம ஒரு போட்டோகூட யாரும் எடுக்கக் கூடாது" என்று புது விதி போட்டார். நல்ல விதி. அவரைத் தவிர வேறு யாரும் அதைத் தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அதைக் கேட்டவர்கள் வேறு ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். திருட்டுப் போகக்கூடிய பொருள் ஒன்று தங்களிடம் இருக்கிறது என்று. டிசம்பரில் ஐந்து அணிகள் விரிப்போடு வந்தன. சில அணிகள் புது வேலையைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் பழைய ரோபோவைக் கொண்டுவந்தன. "எப்படி ஜெயிச்சீங்க?" என்று கேட்டால், "அதிர்ஷ்டம்" என்றார்கள். பொதுச் சாமான் அறைக்குப் புதுச் சாமான் வருவது நின்றது. எடுத்ததைத் திருப்பி வைத்தார்கள், புதிதாக யாரும் எதையும் வைக்கவில்லை. பதினொரு அணி எட்டாகி, ஆறாகி, கடைசியில் நான்கில் வந்து நின்றது. கர்கராலிப் பிள்ளைகள் வரவே இல்லை. தோலெகென் ஒவ்வொரு பி.டி. வாத்தியாரையும் போனில் கூப்பிட்டார். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். பருவம் நெருக்கடியாக இருக்கிறது என்றார்கள்.

"நான் தப்பு பண்ணினதால ஒரு தடவை கெட்டுது" என்றார் ஒருநாள். "அதை ஒத்துக்கிட்டதால மறுபடி கெட்டுது. நான் என்னதான் பண்ணியிருக்கணும், சொல்லு?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அன்று களத்தின் நடுவில் அவர் தனியாக நிற்காமல் இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் நான் போய் நின்று, பரிசு வாங்கியது நாங்கள், பேரைச் சொல்லாதது நாங்கள் என்று சொல்லியிருந்தால், அது எங்கள் எல்லாருடைய தப்பாகவும் ஆகியிருக்கும், எல்லாரும் சேர்ந்து சரிசெய்கிற காரியமாகவும் ஆகியிருக்கும். அவர் கேட்டபோது நான், "விடுங்க தோலெகே, காலம் அப்படி" என்றேன்.

போன ஜூனில் அவருக்கு வயது அறுபத்துமூன்று ஆயிற்று. பணி ஓய்வு. கூடத்தில் நீளமாக மேசை போட்டு விருந்து வைத்தார்கள். பழைய மல்யுத்த மாணவர்கள், இப்போது தொப்பை வைத்தவர்கள், நிறையப் பேர் வந்தார்கள். ரோபோப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பெரிசாத் வரவில்லை. அவள் கரகந்தியில் மருந்தாளுநர் படிப்புப் படிக்கிறாள். பரீட்சை நேரம்.

தோலெகென் என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் போனைக் காட்டினார். அவளிடமிருந்து வாழ்த்து வந்திருந்தது. ரோஜாப்பூக் கொத்து, மினுமினுக்கும் எழுத்தில், மதிப்புக்குரிய ஆசிரியருக்கு நல்ல உடல்நலம், நீண்ட ஆயுள்.

"நல்ல பொண்ணு" என்றார். "நௌரிஸ் புத்தாண்டுக்கு அனுப்பும், ஆசிரியர் தினத்துக்கு அனுப்பும். ஒண்ணுகூட விட்டதில்ல. கெமிஸ்ட்ரி டீச்சருக்கும் இதே பூதான் போயிருக்கு, நான் விசாரிச்சேன்."

சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"உன் பழைய பசங்ககிட்ட, டேப் யாரோடதுன்னு எப்பவாவது சொன்னியா?"

"இல்ல தோலெகே. சொல்றேன்."

"இனிமேயா? அவனுங்களுக்குக் கல்யாண வயசு வந்தாச்சு" என்றார். யாரோ அவரை மேசைக்கு அழைக்கவே, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரமே பெக்சுல்தானுக்கு எழுதினேன். அவன் இப்போது அல்மாத்தியில் பொறியியல் படிக்கிறான். டேப் யோசனை யாருடையது, எனக்கு எப்போதிருந்து தெரியும், அன்று கரகந்தியில் நான் ஏன் அவனை வெறுமனே பார்த்தேன், எல்லாவற்றையும் நீளமாக எழுதினேன். மூன்று தடவை அழித்து எழுதினேன். பதில் உடனே வந்தது.

"எங்களுக்கு அப்பவே தெரியும் அப்பாய். அந்த வீடியோவுல அவ கைதானே தெரியுது. நீங்க சொல்லச் சொல்லுவீங்கன்னுதான் அன்னிக்கு உங்களைத் திரும்பிப் பார்த்தேன்."

இதை நான் இன்னும் தோலெகெனிடம் சொல்லவில்லை.